மூன்று முறை வாங்கிய மூட்டை

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மிளகாய் என்ற ஒன்று நம் பக்கம் வந்து சேராத காலம் அது. ஏழுமடை என்ற ஊரை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நாக்குக்குக் காரம் வேண்டுமென்றால் அந்த ராஜாவும் மிளகைத்தான் கடிக்க வேண்டும்.

ஏழுமடைக் கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு மிளகுக்கடைகள். ஒன்று தாண்டவனுடையது, மற்றது மருதப்பனுடையது. அரண்மனைச் சமையலுக்கு இனி ஒரே கடையில்தான் மிளகு வாங்குவது என்று ராஜா முடிவு செய்தார். ஆளுக்கொரு மூட்டை நல்ல மிளகு எடுத்து வைக்க வேண்டும், ஐந்தாம் நாள் அதிகாரி வந்து பார்ப்பார் என்று முரசறைந்து சொன்னார்கள். அரண்மனை வாடிக்கை கிடைத்துவிட்டால் ஏழு தலைமுறைக்குக் கவலையில்லை. தாண்டவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

அவன் மனைவி வேலம்மை மிளகை மூன்று முறை புடைத்தாள், மூன்று முறை பொறுக்கினாள், மூன்று முறை வெயிலில் காயவைத்தாள். கோணியில் நிரப்பி, வாயைச் சிவப்பு நூலால் தைத்து, கடையின் உள்ளறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தாண்டவனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காலையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கடை சாத்தும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். எழுந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரன் எதிர்க்கடைக்குப் போய்விட்டால்? அந்தப் பயம். அதனால் தன் கடையின் உள்ளறையை அவன் பார்த்து வருஷக்கணக்காயிற்று. மருதப்பன் கடைக்குள் எங்கே எது இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

இரண்டாம் நாள் ஒல்லியான ஆள் ஒருவன் தோளில் ஒரு மூட்டையோடு வந்தான்.

“அண்ணாச்சி, முதல் தரமான மிளகு. எட்டுக் காசு குடுங்க. எங்க கெடைச்சுதுன்னு மட்டும் கேக்காதீங்க.”

தாண்டவன் கோணியைக் கீறி இரண்டு மிளகை எடுத்துக் கடித்தான். தன் மிளகைப் போலவே ஜோராக இருந்தது. பத்துக் காசு பெறும் மூட்டை! அவன் மனம் துள்ளியது. இது மருதப்பன் அரண்மனைக்கு எடுத்து வைத்த மூட்டையேதான், சந்தேகமே இல்லை. தொலைந்தான் மருதப்பன்!

“அஞ்சு காசு. இஷ்டமிருந்தா இறக்கு, இல்லேன்னா நடையைக் கட்டு.”

“சரி அண்ணாச்சி.”

“உள்ளறையிலே என் மூட்டை ஒண்ணு இருக்கும். அதுக்குப் பக்கத்துலே வெச்சுட்டுப் போ.”

“தூக்கி வைக்கக் கூலி?”

“அதெல்லாம் கெடையாது.”

ஒல்லியன் மூட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போனான். கோணியின் வாயை எந்த நூலால் தைத்திருக்கிறது என்று பார்க்கத் தாண்டவனுக்கு ஏது நேரம்? அவன் எதிர்க்கடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாளும் அந்த ஆள் ஒரு மூட்டையோடு வந்தான். ‘பாவம் மருதப்பன், புதிதாக ஒன்று தயார் செய்திருப்பான் போலிருக்கிறது’ என்று நினைத்துத் தாண்டவன் அதையும் ஐந்து காசுக்கு வாங்கினான். நான்காம் நாளும் வந்தான். நான்காம் நாளும் ஐந்து காசு.

ஐந்தாம் நாள் அரண்மனை அதிகாரி வந்தார். பின்னால் ஊரே வந்தது. வேலம்மையும் வந்து நின்றாள்.

“ஒண்ணுதானே கேட்டீங்க, என்கிட்டே நாலு மூட்டை இருக்கு!” என்று தாண்டவன் எழுந்தான். முழங்கால் மளுக்கென்றது. உள்ளறையைத் திறந்து எண்ண ஆரம்பித்தான். வியாபாரிகள் எண்ணும்போது ‘ஒன்று’ என்று தொடங்குவதில்லை, ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள்.

“லாபம்...” என்று விரலை நீட்டினான். நீட்டிய விரல் அப்படியே நின்றது. அறையில் இருந்ததே ஒரு மூட்டைதான்.

“ஐயோ திருட்டு! மூணு மூட்டை போச்சு, முப்பது காசு! அதை வாங்கக் குடுத்தது பதினஞ்சு! நாப்பத்தஞ்சு காசு நஷ்டம்!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வேலம்மை மூட்டையைப் புரட்டிப் பார்த்தாள். “இது நான் தச்ச நூலு. நம்ம மூட்டை இதோ இருக்கே! நாலு மூட்டை ஏது?”

அதிகாரி நடந்ததை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “அந்த ஆள் உம்ம மூட்டையைத்தான் கொல்லைக் கதவு வழியா எடுத்து, வாசல் வழியா உமக்கே வித்திருக்கான். மூணு தடவை எடுத்தாலும் மூட்டை ஒண்ணுதான். அது உம்மகிட்டேயே இருக்கு. நஷ்டம் பதினஞ்சு காசுதான்.”

“அவ்வளவுதானா!” தாண்டவனுக்குப் போன உயிர் வந்தது.

“கொஞ்சம் பொறும். பத்துக் காசு மூட்டையை அஞ்சுக்குக் குடுக்கறானே, யாருதுன்னு கேட்டீரா?”

“எதுக்குங்க கேக்கணும்? மருதப்பன் மூட்டைன்னுதானே நெனச்சேன்!” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

ஊரே எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தது. எதிரே மருதப்பன் தன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். ஐந்து நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்; ஆசை மறைத்த தாண்டவன் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

அதிகாரி இரண்டு கடை மிளகையும் கடித்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. “தாண்டவா, உம்ம மிளகுதான் ஒசத்தி. ஆனா திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சே வாங்கற கடையிலே வாங்கி ராஜாவுக்குச் சமைக்க முடியாது.”

அரண்மனை வாடிக்கை மருதப்பனுக்குப் போயிற்று. மறுநாள் திருடனும் பிடிபட்டான். பதினைந்து காசில் பன்னிரண்டைத்தான் திருப்பிக் கொடுத்தான். மூட்டையை மூன்று தடவை உள்ளே தூக்கி வைத்ததற்கு மூன்று காசு கூலியாம்!

வேலம்மை அந்தப் பன்னிரண்டு காசைக் கணவன் முன்னால் வைத்தாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தாங்க, திருடன் கொண்டுபோனது வந்துடுச்சு. நீங்க தொலைச்சதை யார்கிட்டே போய்க் கேக்கட்டும்?”

தாண்டவன் தராசைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் இருந்தும்கூட.

ஆகையால் கேட்டவர்களே, திருடன் கொண்டுபோன பொருளைத் திரும்பப் பெறலாம், பேராசையால் நாமே தொலைத்த நல்ல பெயரைத் திரும்பப் பெற முடியாது.