இமயமலை லேகியமும் வாழைப்பூ வடையும்

கோணவயல் ஜமீன்தாருக்கு வயது எழுபது, அவர் ஆசைக்கு இருபது. நம்பினால் நம்புங்கள், வாலிபம் திரும்பும், வராத நோயும் ஓடிவிடும் என்று வைத்தியர் தில்லைவாணன் அவருக்கு இமயமலை மூலிகை லேகியம் கொடுத்துவந்தார். ஆறு மாதமாகியும் ஒரு நரைகூடக் கறுக்கவில்லை. வயிறு மட்டும் கடமுடா என்றது.

“குற்றம் சமையல்காரி மேல்தான். என் லேகியத்துக்கு ஈடாக இன்று மத்தியானமே ஒரு பண்டம் செய்யட்டும். முடியாவிட்டால் துரத்திவிடுங்கள்” என்றார் வைத்தியர், சித்திரை வெயிலிலும் சால்வைக்குள் கையை ஒளித்துக்கொண்டு.

சமையல்காரி பூவாத்தாள் சால்வை ஓரத்தில் இருந்த கறையைப் பார்த்தாள். “ஆகட்டும் சாமி. நீங்களே தின்னு பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்க.”

மத்தியானம் இலையில் வாழைப்பூ வடை விழுந்தது. வாசனையில் வைத்தியர் தன்னை மறந்து கையை நீட்டினார். ஐந்து விரலும் கன்னங்கரேல்.

“எசமான், இது வாழைப்பூக் கறை. பூ ஆயறவங்க முதல்ல கையில எண்ணெய் தடவிக்குவாங்க. இவருக்கு அது தெரியல. உள்ளே இருக்கிற நரம்பை எடுக்கவும் தெரியல, அதான் இந்த லேகியம் தின்னு உங்க வயிறு கத்துது. பூ நல்லதுதான், ஒழுங்கா ஆய்ஞ்சு சமைக்கணும். நம்ம தோட்டத்துப் பூ எங்கே போகுதுன்னும் இப்பப் புரியுது.”

ஜமீன்தார் வடையை மென்றபடியே கேட்டார். “இமயமலையில் வாழை இருக்கிறதா, வைத்தியரே?”

“இப்போதுதான் குலை தள்ளியிருக்கிறது, மகாராஜா.”

அன்று முதல் தினமும் இருபது பூ ஆய்வது வைத்தியர் வேலையாயிற்று. கைக்கு எண்ணெய் கேட்டால், “இமயமலையிலிருந்து வரணும் சாமி” என்பாள் பூவாத்தாள்.