நாலாவது துடுப்பு

"அம்மா, அவன் திரும்பி வரேங்கிறான். நான் என்ன பதில் சொல்றது?"

மாசிலாமணி கேட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

திட்டம்மை வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். ஆற்றின் நடுவே இருக்கிற மணல்திட்டில் குடியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மற்றபடி அவள் யாரையும் திட்டியதில்லை.

வயதில் அவள் மாசிலாமணிக்குத் தங்கை போல இருப்பாள். ஆனாலும் அவர் அம்மா என்றுதான் கூப்பிடுவார். மனசில் ஏதாவது உறுத்தினால் ஓடத்தைத் திட்டில் ஒதுக்கிவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

துறையின் ஓடத்துக்கு அவர்தான் தலைவர். சுக்கான் அவர் கையில். துடுப்பு வலிக்க நாலு பேர், பக்கத்துக்கு இரண்டு.

மழைக்காலத்தில் வெள்ளத்தோடு உருண்டு வந்த ஒரு மரம் அந்த நாலு பேரில் ஒருவனை அடித்துப் போட்டது. சீராளன். இடது பக்கத்துக்காரன். தோள்பட்டை நொறுங்கிவிட்டது.

அவன்தான் இப்போது ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். வேலைக்கு வரலாமா என்று.

"கை எப்படி இருக்காம்?" என்று கேட்டாள் திட்டம்மை.

"நெஞ்சு வரைக்கும் தூக்குறானாம். அதுக்கு மேல வராதாம்."

"யார் சொன்னா?"

"வைத்தியர்."

"அவர் என்ன சொல்றார்?"

"யாரு, சீராளனா?"

திட்டம்மை தலையசைத்தாள்.

"அவனை நான் இன்னும் பாக்கலைம்மா."

"எப்பத்திலேருந்து?"

"அடிபட்டதிலேருந்து." மாசிலாமணியின் குரல் இறங்கியது. "ஆனா அரிசி அனுப்பிட்டுத்தான் இருக்கேன். ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை."

அவள் ஆற்றில் கையைக் கழுவினாள். தவிடு கலங்கிப் பரவி மெல்ல விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"பாத்து என்னம்மா பேசுறது?"

அவள் வாத்துகளைக் கூப்பிடப் போய்விட்டாள்.

*

சீராளன் வீடு துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கரை ஏறினால் வீடு.

மாசிலாமணி இத்தனை மாதமாக வேறு வழியாகச் சுற்றித்தான் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

வாசலில் சீராளனின் மனைவி வேம்பு நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே."

"எல்லாம் வந்து சேருதாம்மா?"

"அரிசி வருதுண்ணே. நல்ல அரிசி." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "ஆளுதான் யாரும் வரலை."

மாசிலாமணி குனிந்து உள்ளே போனார்.

சீராளன் ஆற்றுப் பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். ஒரு தோள் முன்னால் வந்தது. மற்றொன்று வரவில்லை. மாசிலாமணி சட்டென்று கூரையைப் பார்த்தார்.

"உக்காரு, உக்காரு. எப்படிடா இருக்கே?"

"இருக்கேன் தலைவரே."

கூரையில் ஒரு பல்லி ஓடியது. அது ஓடி மறையும் வரைக்கும் மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கனவு வருது தலைவரே," என்றான் சீராளன். "அடிக்கடி வருது."

"என்ன கனவு?"

"ஓடம் இந்த வீட்டுக்குள்ளயே வருது. தண்ணியே இல்லை, ஆனா வருது. அடுப்பைத் தாண்டி, இதோ இந்தப் பாயை ஒட்டிப் போகுது. நீங்க இருக்கீங்க. என்கூட வலிக்கிற கொளஞ்சி இருக்கான். எல்லாரும் இருக்கீங்க." அவன் பாயின் ஓரத்தைத் தடவினான். "யாரும் என்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறீங்க."

மாசிலாமணி அவசரமாகப் பேசினார்.

"முழுசா குணமாகட்டும்டா. என்ன அவசரம்? அதுவரைக்கும் துறைக்கு வா. நிழல்ல உக்காரு. அரிசி எப்பவும்போல வந்துடும்."

"வந்து என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திரு."

சீராளன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை.

"சும்மா உக்காரத்தான் வீடு இருக்கே, தலைவரே."

*

"நல்லதுக்குச் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்," என்றார் மாசிலாமணி.

திட்டம்மை மருதமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு வாத்துக்குஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வேணுங்கிறார்?"

"துடுப்பு வேணுமாம். ஓடத்துல எத்தனை உசுரு ஏறுது. குழந்தை குட்டியெல்லாம் ஏறுது. நடு ஆத்துல இவன் கை விட்டுப்போச்சுன்னா? அப்புறம் அவனே தாங்க மாட்டாம்மா. அவனுக்காகவும்தான் சொல்றேன்."

திட்டம்மை குஞ்சின் கழுத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி காத்திருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் கேட்டதையே மறந்துவிட்டாளோ என்று தோன்றியது.

"எனக்கு அக்கரைக்குப் போகணும்," என்றாள்.

மாசிலாமணி திடுக்கிட்டார். அவள் திட்டை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"அக்கரையில உங்களுக்கு என்னம்மா வேலை?"

"காலையில வாங்க. வேற யாரையும் ஏத்த வேணாம். நாலு துடுப்போட வாங்க."

*

தை மாதத்துப் பனி. ஆறும் வெள்ளை, வானமும் வெள்ளை. ஓடம் எதன்மேல் மிதக்கிறது என்றே தெரியவில்லை.

சீராளனையும் கூட்டிவந்து ஓடத்தைத் திட்டில் ஒதுக்கிய மாசிலாமணி, நடுப்பலகையில் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டார்.

"சீராளா, நீ இங்க உக்காருடா. இன்னைக்கு முதல் நாள். சும்மா வேடிக்கை பாரு."

சீராளன் போர்வையைப் பார்த்தான். உட்காரவில்லை. நகரவும் இல்லை.

அதற்குள் திட்டம்மை ஓடத்தில் ஏறி அந்தப் போர்வையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கா போட்டீங்க? மெத்துன்னு இருக்கே."

மீதி இருந்த இடம் ஒன்றுதான். இடது பக்கத்தில், கொளஞ்சிக்கு முன்னால்.

கொளஞ்சி துறையிலேயே பலசாலி. சீராளன் படுத்ததிலிருந்து இடது பக்கத்தை அவன் ஒற்றையாளாகவே தாங்கி வந்தான். வலது பக்கத்து இருவருக்கும் அவன் ஒருவனே ஈடு.

சீராளன் வந்து உட்கார்ந்ததும் கொளஞ்சி குனிந்து அவன் காதருகே சொன்னான்.

"நீ சும்மா துடுப்பைத் தண்ணியில வச்சிரு மாப்ளே. நான் பாத்துக்கிறேன்."

ஓடம் கிளம்பியது. வாத்துகள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. பிறகு அவற்றையும் பனி மூடிவிட்டது.

துடுப்புகள் எழுந்தன, விழுந்தன. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. தூக்கத்துக்குள் இன்னொரு தூக்கம்போல இருந்தது. மாசிலாமணி சுக்கானை அழுத்திப் பிடித்தபடி அக்கரையின் மூங்கில் புதரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து ஒரு மரம் எழுந்து வந்தது.

மருதமரம். திட்டம்மையின் மருதமரம். அதனடியில் வாத்துகள் நின்று இவர்களைப் பார்த்தன.

ஓடம் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்திருந்தது.

"மறுபடியும் போங்க," என்றார் மாசிலாமணி.

போனார்கள். கொளஞ்சி மூச்சைப் பிடித்து வலித்தான். மாசிலாமணி உடம்பின் பாரத்தையெல்லாம் சுக்கான்மேல் போட்டார்.

மறுபடியும் அதே மரம் வந்தது.

சீராளன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவன் கழுத்து தொங்கிவிட்டது.

"என்னை இறக்கி விட்டுடுங்க தலைவரே. என்னாலதான்."

வலது பக்கத்து இருவரும் எங்கோ பார்த்தார்கள். கொளஞ்சி தண்ணீரைப் பார்த்தான்.

மாசிலாமணிக்குத் திட்டம்மையின்மேல் கோபம் வந்தது. இவனை இப்படி உட்கார வைத்துக் காட்டவா கூட்டிவரச் சொன்னாள்?

"பாத்தீங்களாம்மா? இதுக்குத்தான் நான் பயந்தேன்."

அவள் ஒரு கையை வெளியே தொங்கவிட்டுத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள்.

"ஓடம் எந்தப் பக்கமா திரும்புது?"

"என்னம்மா?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

இது என்ன கேள்வி என்று அவருக்குப் பட்டது. காலையிலிருந்து அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டித்தான் அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

"வலது பக்..."

நிறுத்திவிட்டார்.

இடது பக்கத்தில் பலம் குறைந்தால் ஓடம் இடது பக்கம்தான் சாய்ந்து திரும்பும். ஓடத்தில் காலை வைத்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த சங்கதி. இதுவோ வலது பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு தடவையும்.

அவர் மெதுவாகக் கொளஞ்சியைப் பார்த்தார். அந்தப் பனியிலும் அவன் முதுகு வேர்த்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"கொளஞ்சி, எவ்வளவுடா போடுறே?"

"ரெண்டாள் பங்கும் சேத்துத்தான் போடுறேன் தலைவரே. அதுக்கு மேலயும் போடுறேன்." அவனுக்குக் குரல் உடைந்தது. "அவனுக்கு நோகக் கூடாதுல்ல?"

சீராளன் தலையை நிமிர்த்திப் பின்னால் திரும்பினான்.

"அதான் என் துடுப்பு விழுறதுக்குள்ள தண்ணி ஓடிப்போயிடுதா?"

கொளஞ்சி வேர்த்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

மாசிலாமணி திட்டம்மையைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை.

"கொளஞ்சி, உன் பங்கை மட்டும் போடு."

"தலைவரே, அவன் தோளு..."

"உன் பங்கை மட்டும் போடுடா."

கொளஞ்சி கையைத் தளர்த்தினான்.

ஓடம் அப்படியே ஓய்ந்தது. பேசிக்கொண்டிருந்ததில் அது விலகி வந்து, மரம் பனிக்குள் மறைந்துவிட்டிருந்தது. கரை இல்லை, திட்டு இல்லை, மேல் கீழ் இல்லை. அந்த வெள்ளைக்குள் ஆறு பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தப்புச் செய்துவிட்டோமோ என்று மாசிலாமணிக்குப் பட்டது.

இடது பக்கத்தில் தண்ணீர் லேசாகக் கிழிபட்டது.

இன்னொரு தடவை.

சீராளனின் துடுப்பு உயரப் போகவில்லை. நெஞ்சளவுக்குப் போய், குட்டையாக ஒரு வளைவு போட்டு, தண்ணீருக்குள் இறங்கியது. வலது பக்கத்து இருவரும், யாரும் சொல்லாமலே, தங்கள் வீச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கொளஞ்சியும் அந்தக் குட்டை வீச்சுக்கு வந்து சேர்ந்தான்.

சுக்கான் மாசிலாமணியின் கையில் எடையே இல்லாததுபோல ஆயிற்று. ஓடத்தின் மூக்கு பனியை நேராகத் துளைத்துக்கொண்டு மெல்ல, மிக மெல்லப் போயிற்று.

அவர் அந்தத் தோளைப் பார்த்தார். அது ஒவ்வொரு வீச்சுக்கும் கோணிக்கொண்டு எழுவதைப் பார்த்தார். கண்ணைத் திருப்பவில்லை.

"சீராளா."

"தலைவரே."

"வலிக்குதாடா?"

"வலிக்கிறேன், தலைவரே."