பத்து முள் மீன்

"முள்ளை எண்ணித்தானே வாங்கினேன், அப்புறமும் ஏன் சாகுது?" என்று கேட்டபடியே பரஞ்சோதி கடைக்குள் நுழைந்தார்.

கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை. உள்ளே வால் கிழிந்த ஒரு கோமாளி மீன்.

பரஞ்சோதி போலீஸில் கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டையைக் காட்டி எதையும் அவர் தலையில் கட்ட முடியாது. பூதக்கண்ணாடியை எடுத்து முதுகுத் துடுப்பை எண்ணுவார். பதினொரு முள் என்றால் ஒசெல்லாரிஸ் இனம், பத்து என்றால் பெர்குலா. கன்னத்தில் முள் இருந்தால் மெரூன். எல்லாம் நோட்டில் இருக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரி ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதி. கடல் மீன் வளர்ப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அந்தத் தெருவே சொல்லும். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்றும் சொல்லும்.

பரஞ்சோதி நடந்ததைச் சொன்னார். தொட்டி அவர் மனைவி சுலோசனாவுடையது. அதில் ஒரு ஜோடி இருந்தது. பெரியது பெண், சிறியது ஆண். சுலோசனா போன வருடம் இறந்துபோனாள். இந்தப் பங்குனியில் பெண் மீனும் போய்விட்டது. மிஞ்சிய ஆணுக்குத் துணையாக, இனம் பிசகாமல், நல்ல பெரிய பெண்ணாகப் பார்த்து இரண்டு முறை வாங்கி விட்டார். இரண்டு முறையும் கடித்துக் குதறிக்கொண்டன. வாங்கியவை செத்தன.

"அவ வளர்த்ததுல இது ஒண்ணுதாம்மா மிச்சம்" என்றார். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவார் போலிருந்தது.

ஜெசிந்தா மீனைத் தனித் தொட்டியில் விட்டாள்.

"இது யாரு சார்?"

அவர் நோட்டைப் பார்த்துச் சொன்னார். "பெர்குலா. ஆண். பத்து முள்."

அவள் நோட்டை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினாள். சனிக்கிழமை வரச் சொன்னாள்.

சனிக்கிழமை ஒரு ஸ்டூலைப் போட்டு, தொட்டி முன் ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள். போகும்போது அதே கேள்வி. அதே பதில்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே.

ஐந்தாவது சனிக்கிழமை, ஸ்டூலில் இருக்கும்போது போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் நிறைமதி. அவளுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, வரட்டுமா என்று கேட்டாள்.

"அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்னம்மா செய்வே? ஆம்பளை எனக்கு என்ன தெரியும்? உங்க மாமியார் வீட்லயே இரு."

சரிப்பா என்றாள் அவள்.

போனை வைத்தார். சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்தும் ஏன் இப்படி வலிக்கிறது என்று புரியவில்லை.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இது யாரு சார்?"

"எத்தனை வாட்டிம்மா சொல்றது?" என்று எரிந்து விழுந்தார்.

ஆனி போயிற்று. வால் வளர்ந்து கூடிவிட்டது. மீனும் பெருத்திருந்தது. முன்பெல்லாம் கையைக் கண்டால் பாறைக்குப் பின்னால் ஒளியும். இப்போது பாறையைச் சுத்தம் செய்ய ஜெசிந்தா கை விட்டால் பாய்ந்து வந்து விரலைக் கடித்தது.

சுலோசனாவை, செத்துப்போன அந்தப் பெரிய மீன் இப்படித்தான் கடிக்கும். அவள் சிரித்துக்கொண்டே திட்டுவாள். அது பரஞ்சோதிக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஆடி கடைசிச் சனிக்கிழமை ஜெசிந்தா நகக்கண் அளவு குஞ்சு மீன் ஒன்றைக் கொண்டுவந்தாள். பரஞ்சோதி பதறி எழுந்தார். கொன்றுவிடும், வேண்டாம் என்றார். அவள் தொட்டியில் விட்டாள்.

பெரியது சீறிக்கொண்டு போனது. குஞ்சு ஓடவில்லை. உடம்பை ஒருக்களித்து, பணிவதுபோல் வெடவெடவென்று நடுங்கியது. பெரியது அதை ஒருமுறை சுற்றி வந்தது. கடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே மூலையில் நின்றன.

"இப்ப சொல்லுங்க. யாரு இது?"

பரஞ்சோதி வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

"பெரியவ" என்றார். சொன்ன பிறகு அவருக்கே திடுக்கென்றது. "ஆனா இது ஆணாச்சேம்மா."

"ஆணாத்தான் இருந்துச்சு. பெரியவ செத்துட்டா, மிஞ்சின ஆண் பெண்ணா மாறிடும். இந்த மீனுங்க அப்படித்தான். அது மாற ஆரம்பிச்ச நேரத்துல நீங்க இன்னொரு பெரியவளைக் கொண்டுவந்து விட்டீங்க."

"அதுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலை. இடம் காலியா இருந்துச்சு."

பரஞ்சோதி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வளைகாப்பு முடிந்த கையோடு தானே வந்து கூட்டிப் போவதாக மகளிடம் சொன்னார். யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "நான்தான், வேற யாரு" என்றார்.

உள்ளே திரும்பியபோது அவர் கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டுக் குழம்பு எப்படி வைக்கணும்?"

ஜெசிந்தா டிராயரைத் திறந்து அவருடைய நோட்டை நீட்டினாள். "சொல்றேன், எழுதிக்குங்க."

பரஞ்சோதி நோட்டை வாங்கவில்லை. "அது இருக்கட்டும்மா. நீ வைக்கிற அன்னிக்குக் கூப்பிடு. பக்கத்துல நின்னு பாக்குறேன்."