பாதிக் கதவு

கிர்ர்... டொக்.

விளக்கணைத்த மடத்து அறையில் தவமணி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கதவிடுக்கில் கம்பியை விட்டு யாரோ தாழ்ப்பாளைத் தள்ளும் சத்தம். வரிசையின் முதல் அறை திறந்தது. அதற்கடுத்ததும்.

அவள் அறைக்கு வருமுன் நாய் குரைத்தது. திருடன் ஓடிவிட்டான்.

விடிந்ததும் பிள்ளையோடு மடத்துத் தலைவி உமையாள் முன் போய் நின்றாள். உமையாள் அவளைவிட வயதில் சின்னவள்.

"அம்மா, நான் ஊருக்குப் போறேன். இவளை என்னால காப்பாத்த முடியாது."

"ஊர்ல திருடன் இல்லையா, அக்கா?"

தவமணி தலை குனிந்தாள். பிறகு உள்ளே கிடந்த வேறொன்று வாயில் வந்தது.

"இவ முழுசா என்னோடவளா இருந்தா, ஏன் அழுறான்னாவது தெரியும். பாதி அவர். விட்டுட்டுப் போன மனுஷனோட மூக்கு."

"சரி."

"வாழையைப் பாருங்க. யாரையும் கேக்காம கன்னு விடுது. கன்னும் அதே வாழை. பெத்துக்காத ஆம்பளைன்னு ஒண்ணு அதுக்குத் தேவையில்லை, ஒவ்வொரு கன்னும் தானே பெத்துக்குது. அப்போ பெருகுறதும் அதுதானே ஜாஸ்தி? ஆடு, மாடு, குருவி, நான், எல்லாரும் ஏன் நம்மள்ல பாதியைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட பாதி வாங்குறோம்? இந்த நஷ்டப் பிழைப்பு எப்படி இத்தனை காலம் அழியாம இருக்கு?"

உமையாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மடத்தில் தங்கும் அறை எல்லாவற்றுக்கும் ஒரே தச்சர் ஒரே அளவில் போட்ட இரட்டைக் கதவு. தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் நெஞ்சு உயரத்தில்.

தவமணியின் கதவில் ஒரு பக்கத்தைக் கழற்றினாள். மாட்டுக் கொட்டகைக் கதவில் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து மாட்டினாள். அதன் தாழ்ப்பாள் முழங்காலுக்குக் கீழே கிடந்தது. அதற்கேற்ப மறுபக்கத்து வளையத்தையும் இறக்கி அடித்தாள்.

"நல்ல கதவைப் பாழாக்கிட்டீங்களே."

"பாதியைத்தானே, அக்கா."

"சாணி நாத்தம் வேற."

அன்றிரவும் கம்பி வந்தது. அறை அறையாகத் திறந்தது. தவமணியின் கதவில் நெஞ்சு உயரத்தில் நுழைந்தது. துழாவியது. மேலே சுரண்டியது. மறுபடி துழாவியது.

அவள் மூச்சு விடவில்லை.

காலடிகள் விலகிப் போயின.

காலையில் மற்றவர்கள் திருட்டுப்போன செம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தவமணி உமையாளிடம் வந்தாள்.

"புரிஞ்ச மாதிரி இருக்கு. புரியவும் இல்லை. அப்போ கொட்டகைக் கதவுதான் ஒசத்தியா? தச்சரைக் கூப்பிட்டு எல்லா அறைக்கும் அதே மாதிரி போட்டுடலாமா?"

"போடலாம். திருடன் அதைக் கத்துக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

உமையாள் சுத்தியலை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பால் கறக்கப் போனாள்.

தவமணி சுத்தியலைக் கையில் திருப்பிப் பார்த்தாள். பிறகு சமையற்கட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

பொழுது சாய்ந்தபோது சமையற்கட்டுக் கதவின் பாதி சேர்ந்து, அவள் கதவு முந்தைய இரவு இருந்த கதவாக இல்லை. மடியில் பிள்ளை விழித்துப் பார்த்தது. மூக்கு அவருடையது. நெற்றி தன்னுடையது. அந்த முகத்தை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

எழுந்தாள். கை நெஞ்சு உயரத்துக்குப் போனது, இல்லை. முழங்காலுக்கு இறங்கியது, அங்கும் இல்லை.

தலைக்கு மேலே தேடிப் பிடித்து, உள்ளிருந்து தாழ் போட்டாள்.