பொய் சொல்லாதவளின் சாட்சி

நடந்ததைச் சொல்வது என் வேலை. தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை.

ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், ரைன் நதிக்கரை ஊர்களில் ஒரு பேச்சு தீயாகப் பரவியது. எருசலேம் வேற்றார் கையில் இருக்கிறது, மீட்கப் புறப்படுங்கள் என்றார்கள். பிரபுக்களின் படைகள் கிளம்புவதற்குள் உழவர்களும் நெசவாளிகளும் தோளில் துணிச் சிலுவையைத் தைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வழி யாருக்கும் சரியாகத் தெரியாது. கடல் என்பது பெரிய ஏரி, தோணியில் தாண்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஹில்ட்ரூட் என்றொரு விதவை இருந்தாள். துணி வெளுத்துப் பிழைத்தவள். அவளுடைய ஒரே மகள் பெர்த்தா காய்ச்சலில் கிடந்து, இனிப் பிழைக்காது என்று ஊரே கைவிட்டபோது, கோயில் பீடத்தின் முன் விழுந்து நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் எருசலேமுக்கு நடந்தே வருகிறேன், போய்ச் சேரும்வரை என் வாயில் பொய் வராது, வந்தால் கொடுத்த உயிரைத் திருப்பி எடுத்துக்கொள் என்றாள். மறுநாள் பெர்த்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஹில்ட்ரூட் கூட்டத்தோடு புறப்பட்டாள்.

அவளுடைய நேர்ச்சை எல்லாருக்கும் தெரியும். ரொட்டியை ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிடுவாள். வழியில் யாருக்குள் சண்டை வந்தாலும் அவளிடம்தான் சாட்சி கேட்டார்கள்.

போகப்போகத் தானியம் தீர்ந்தது. ஊர்கள் இவர்களைக் கண்டதும் வாயிற்கதவுகளைச் சாத்தின. பசியும் பயமும் சேர்ந்து கோபமாக மாறின. கூட்டத்தை நடத்திய ராட்போட் என்பவன் புதிதாக ஒன்றைப் போதிக்கத் தொடங்கினான். கிறிஸ்துவின் பகைவர்களைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன், இதோ இந்த ஊர்த் தெருவிலேயே யூதர்கள் குடியிருக்கிறார்களே என்றான். ஒருநாள், ஆற்றோரத்து ஊர் ஒன்றில், கூட்டம் அந்தத் தெருவுக்குள் புகுந்தது. சற்று நேரத்தில் ஆற்றின் மேல் புகை படர்ந்தது.

ஊருக்கு வெளியே ஒரு வைக்கோல் கொட்டகை. காய்ச்சல் கண்ட யாத்திரிகர்களை அங்கே கிடத்தியிருந்தார்கள். ஹில்ட்ரூட்டும் லூட்கெர் என்ற பாதிரியாரும் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். நோயாளிகளில் பீப்பாய் செய்யும் கெர்லாக் ஒருவனுக்குத்தான் நினைவு தெளிந்திருந்தது. அலறல் கொட்டகை வரைக்கும் கேட்டது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மழை தூறத் தொடங்கியபோது ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். அந்த யூதத் தெருச் சாயக்காரன் மனைவி மின்னா. முழங்கை வரை நீலம் ஏறிய கைகளில் ஒரு கைக்குழந்தை. குழந்தையை மட்டும் நீட்டினாள். ஹில்ட்ரூட் அவளைக் குழந்தையோடு இரண்டு நோயாளிகளுக்கு நடுவே படுக்கவைத்து, மேலே வைக்கோலைப் போட்டு மூடினாள். பாதிரியாரும் கெர்லாக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ராட்போட் ஆட்களோடு வந்து வாசலில் நின்றான். காய்ச்சலுக்குப் பயந்து எவனும் உள்ளே கால் வைக்கவில்லை. ஒருத்தி இந்தப் பக்கம் ஓடிவந்தாள், ஒளித்து வைத்திருந்தால் கொட்டகையோடு கொளுத்திவிடுவேன் என்றான். ஒருவன் கையில் பந்தம் எரிந்தது.

முதலில் கெர்லாக்கைக் கேட்டான். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாயே திறக்கவில்லை.

அடுத்துப் பாதிரியாரைக் கேட்டான். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, "என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை" என்றார். ராட்போட் மூடிய இமைகளைக் கவனித்துவிட்டான். பந்தக்காரனை முன்னால் வரச் சொன்னான்.

பிறகு ஹில்ட்ரூட்டைப் பார்த்தான். "நீ சொல். நீ சொன்னால் நான் திரும்பிப் போகிறேன்."

கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த பெர்த்தாவின் மெலிந்த கை அவள் கண்முன் வந்தது. முதுகுக்குப் பின்னால் வைக்கோல் லேசாக அசையும் ஓசை கேட்டது.

"யாரும் வரவில்லை."

"மகள்மேல் ஆணையிட்டுச் சொல்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பெர்த்தாமேல் ஆணை. யாரும் வரவில்லை."

பந்தம் தாழ்ந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

தாயையும் குழந்தையையும் ஒரு மீனவனின் படகில் அக்கரைக்கு அனுப்பியபின் பேச்சு எழுந்தது. தான் வாய் திறந்திருந்தால் எல்லாரும் சாம்பல், மௌனம்தான் காப்பாற்றியது என்றான் கெர்லாக். தான் பாவம் செய்யாமலே காப்பாற்றப் பார்த்ததாகவும், ஹில்ட்ரூட் இறைவனுக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டதாகவும் சொன்னார் பாதிரியார். ஹில்ட்ரூட் அன்றே தன் ஊரை நோக்கித் திரும்பி நடந்தாள். வழியில் எந்தக் கோயிலில் மணி அடித்தாலும் அது சாவுமணியோ என்று நின்று கேட்டாள். தன் ஊர் கண்ணில் பட்டபோது நடை தளர்ந்து, வீட்டை அடையவே வெகுநேரம் ஆனது.

அவள் கதவைத் தட்டுவதற்குள் நீங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருக்கும் செய்தி உங்கள் மனத்தை மாற்றிவிடக் கூடாது. வாய் திறக்காத கெர்லாக், கண்ணை மூடிக்கொண்டு பேசிய பாதிரியார், பெற்ற மகள்மேல் பொய்ச்சத்தியம் செய்த ஹில்ட்ரூட் — இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: கெர்லாக் காட்டிக்கொடுக்கவில்லை, உண்மை. ஆனால் வேறு யாராவது பேசுவார்கள் என்று நம்பித்தான் அவனுடைய மௌனம் பிழைத்தது. பாதிரியார் தம் ஆன்மாவைக் காத்துக்கொண்டார், அந்தப் பேச்சு பந்தத்தை இன்னும் அருகில் கொண்டுவந்தது. வைக்கோலுக்குள் இருந்த இரண்டு உயிரையும், படுத்துக்கிடந்த நோயாளிகளையும் காத்தது ஹில்ட்ரூட்டின் பொய்தான். அவள் செய்ததே சரி. கதவைத் திறந்த தங்கை அழுதாள். ஹில்ட்ரூட் புறப்பட்டுப் போன சில நாட்களிலேயே காய்ச்சல் திரும்பி வந்து, பெர்த்தா இறந்துவிட்டிருந்தாள். அந்தப் பொய்யால் போன உயிர் எதுவும் இல்லை. ஆனால் கொட்டகை வாசலில் நின்று அதைச் சொன்னபோது, அவளுக்கு அது தெரியாது.