பாதியில் நின்ற கொட்டாவி

ஜெய்னம்பு டீச்சரை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, அவர் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினார்.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மாலையில் எங்களைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு வகுப்பு. ஒரு நாளைக்கு ஒரு சொல். மறுநாள் வந்து அதை வீட்டில் பேசுகிற பேச்சில் விளக்க வேண்டும். விளக்காதவருக்கு அன்றைக்கு மவுஸ் கிடையாது.

கண்டக்டராக இருந்த முப்பிடாதி இதில் கெட்டிக்காரர்.

"வைரஸ்னா என்ன?"

"பஸ்ல ஏறும்போது ஒருத்தனுக்குக் கண்ணுவலி. இறங்கும்போது டிரைவருக்கும் கண்ணு சிவப்பு."

அன்று என் முறை. சொல், ஹேங்.

"மெஷின் செத்துப்போறது" என்றேன்.

"தப்பு அண்ணாச்சி. மவுஸ் கிடையாது."

மஸ்கட்டில் என் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க என் மனைவியும் ஆசைப்பட்டாள். அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் டீச்சரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

திரையில் மகள் வந்தாள். மடியில் துணிக்குள் சுருட்டிய ஒரு சின்ன முகம். அது கொட்டாவி விட வாயைத் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. படம் அப்படியே நின்றுவிட்டது.

நான் அழுத்தினேன். கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் அழுத்தினேன். திரை வெளுத்துக்கொண்டே போனது.

"என்னவே, முகத்தைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்திட்டீரா?" என்றார் முப்பிடாதி.

அப்போதுதான் டீச்சர் மவுஸைப் பிடுங்கினார்.

"செத்துப்போச்சா டீச்சர்?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க? அந்தச் சன்னலைச் சாத்துங்க. மக பேரு என்ன? குடை எங்க?"

முப்பிடாதிக்கும் கண்ணைக் காட்டினார்.

"மணி என்னவே? எந்திரியும்! யாரு எந்திரிக்கச் சொன்னா, உக்காரும்!"

என் கை சன்னல் பக்கம் போனது. கண் கடிகாரத்துக்குப் போனது. பாதி எழுந்தபடி நின்றேன்.

"இதான் ஹேங்" என்றார் டீச்சர்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உங்களுக்கு நாங்க இப்ப என்ன செய்யணும்?"

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்!"

"அதைத்தான் அதுவும் கேக்குது."

சும்மா இருந்தோம். மெல்லத் திரையில் நிறம் வந்தது. பேத்தி கொட்டாவியை முடித்தாள். முப்பிடாதி கைதட்டினார். டீச்சர் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அடுத்த வாரம் போனபோது சென்டர் பூட்டியிருந்தது. மாரடைப்பு என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

பேத்தி இப்போது பத்தாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கூப்பிடுகிறாள். நடுவில் படம் நின்றுவிட்டால் நான் எதையும் அழுத்துவதில்லை.