அஞ்சு மணிச் சண்டை

எங்க வீட்டுக்காரர் அருமைநாயகம் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. குடிச்ச காலத்துல என்னை அடிப்பார். ஒரு தடவை இடது கை ஒடிஞ்சுது. அதை மன்னிக்க எனக்கு மூணு வருஷம் பிடிச்சுது. மன்னிச்சேன். மன்னிச்சது மன்னிச்சதுதான்.

ஆனா சாத்தான் விடலை. விடிகாலை அஞ்சு மணிக்கு இவர் ஜெபத்துக்கு முட்டி போட்டதும் வந்துருவான். "பொண்டாட்டி கையை ஒடிச்சவன்லா நீ. உன் ஜெபத்தை யாரு கேப்பா?" தினமும் இதே பேச்சு. பதிலுக்கு இவர் கத்துவார், ஒரு மணி நேரம். தெருவே எந்திரிச்சிரும்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. அடி வாங்குனது நான். மன்னிச்சதும் நான். நடுவுல வந்து நாட்டாமை பண்ண இவன் யாரு?

போன வியாழக்கிழமை வேதபாடம் முடிஞ்சதும் இவர் போதகர் கிதியோன் முன்னால போய் நின்னார். போதகருக்கு நாப்பது வயசு, இவருக்கு அறுபத்துமூணு. ஆனாலும் அவர் சொல்றதை ஒண்ணுவிடாம நோட்டுல எழுதி வச்சுக்கிற சிஷ்யர் எங்க சபையில இவர் ஒருத்தர்தான்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு நான் வரல. இனிமே கோயிலுக்கே வரல."

"ஏன் அண்ணாச்சி?"

"தோத்துட்டேன். ஒன்பது வருஷமா விரட்டுதேன், போக மாட்டேங்கான். ஆண்டவரு வேடிக்கை பாத்துக்கிட்டுல்லா இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லி அவன் வாயை அடைக்கக் கூடாதா? எனக்கும் கோவம் வரும்லா?"

கோயிலை விட்டா இவர் அடுத்து எங்க போய் நிப்பார்னு எனக்குத் தெரியும். அந்தக் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு.

போதகர் புத்தி ஒண்ணும் சொல்லல. "நாளைக்கு அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாரேன்"னு மட்டும் சொன்னார்.

சொன்ன மாதிரியே வந்தார். நான் கூடத்துல உக்காந்து புளி உடைச்சுக் கொட்டை எடுத்துக்கிட்டிருந்தேன். என் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து ரெண்டு கிண்ணம் கேட்டார். என் சுளவுல குவிஞ்சு கிடந்த கொட்டையில ஒரு கை அள்ளி மடியில வச்சுக்கிட்டார்.

"நீங்க எப்பவும் போல ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி. நான் இருக்கேன்னு பாக்காதீங்க."

இவர் ஆரம்பிச்சார். "சாத்தானே, உன்னைக் கட்டுகிறேன். சாத்தானே, உன் வாயை அடைக்கிறேன். பொய்யனே, என்னை யாருன்னு நினைச்சே. அவளே மன்னிச்சிட்டா, உனக்கு என்னலே?" வேர்த்து ஊத்துது. தொண்டை கட்டிப்போச்சு. போதகர் ஒவ்வொரு கொட்டையா ஒரு கிண்ணத்துல போட்டுக்கிட்டே இருந்தார். மடியில இருந்தது தீர்ந்ததும் என் சுளவுல இருந்து எடுத்தார்.

ஆறு மணிக்கு "இயேசுவின் நாமத்தில், ஆமென்"னு இவர் எந்திரிச்சார். போதகர் இன்னொரு கிண்ணத்துல ஒரே ஒரு கொட்டையைப் போட்டார். ரெண்டையும் இவர் முன்னால தள்ளினார்.

"இது என்ன ஐயா?"

"நிறைஞ்சு கிடக்கிறது நீங்க அவன்கிட்ட பேசுனது. இந்த ஒண்ணு ஆண்டவர்கிட்ட பேசுனது. அதுவும் போயிட்டு வாரேன்னு சொன்னது."

இவருக்கு முகம் சிவந்துருச்சு. எனக்குமே சுருக்குனு இருந்துது. நானும் அடுக்களையில நின்னு அவனைத் திட்டிக்கிட்டுத்தானே ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்.

"அப்ப அவன் பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டு நான் வாயை மூடிட்டு இருக்கணுமா? பதில் சொல்லலேன்னா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிராதா?"

"ஒன்பது வருஷம் பதில் சொன்னீங்க. போனானா?"

"போகல."

"எப்படிப் போவான்? தினமும் உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுறீங்க. இவ்வளவு உபசாரம் எனக்குக் கிடைச்சா நானும் போக மாட்டேன்." போதகர் குரல் ஏறிருச்சு. "எனக்கு உங்க மேலதான் கோவம் அண்ணாச்சி. ஆண்டவரை வாசல்ல நிக்க வச்சுட்டு அவன்கூட என்ன பேச்சு? அப்புறம் அவரு வேடிக்கை பாக்காருன்னு புகார் வேற."

இவர் விடல. இவர் குரலும் ஏறிருச்சு.

"சொல்றது லேசு ஐயா. உங்ககிட்ட அவன் வாரதில்ல போல."

"வராம? காலேஜ் படிக்கும்போது ஒருத்தருக்கு நான் செஞ்ச துரோகத்தை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறான். இப்பக்கூட வந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கான்."

இவர் சட்டுன்னு அடங்கிட்டார். போதகரை உத்துப் பாத்தார்.

"என்ன சொல்லுதான்?"

"கவனிக்கலையே அண்ணாச்சி. உங்ககூடல்லா பேசிக்கிட்டிருக்கேன்."